மனிதத் தோல் நீங்கலாக

ஒரு காரின் முன் இருக்கையை அரை நிமிடம் தடவிப் பார்த்தால் போதும், கார் இருக்கைகளின் தோலைப் புதுப்பிக்கும் அவர், அதில் உட்கார்ந்தவரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பின்பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு உட்காருகிறவர், இறங்கும்போது உடம்பைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே இறங்குகிறவர், புது ஜீன்ஸ் போட்டு வெளிர்நிறத் தோலில் நீலம் ஏற்றியவர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைக் கார்க்காரர்கள் மறுப்பதில்லை. தன் பின்புறத்தைப் பற்றித் தன்னைவிட இன்னொருவருக்கு அதிகம் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு.

நல்ல வேலைக்காரர் என்று சொல்லலாம். அதற்கு மேல் புகழ வேண்டியதில்லை. இருக்கையைத் தெரிந்த அளவுக்கு அதில் உட்காருகிறவரை அவருக்குத் தெரியாது. நான்கு தடவை வந்துபோன டாக்சிக்காரரை ஐந்தாவது தடவையும் "யாருங்க?" என்று கேட்பார். காரின் கதவைத் திறந்து காட்டினால்தான், "அட, நீங்களா! எப்படி இருக்கீங்க?" என்பார். அதையும் இருக்கையைப் பார்த்துத்தான் கேட்பார்.

டயர்க்கடையை ஒட்டிய தகரக் கூரைக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. கழற்றி வைத்த கார் இருக்கைகள் சுவர் ஓரமாக வாசலைப் பார்த்து வரிசையாக நிற்கும். முறை வருவதற்காகக் காத்திருப்பவர்களைப் போலவே இருக்கும். அவர் ஒவ்வொன்றையும் நுரை போட்டு மெல்லிய பிரஷால் சுத்தம் செய்வார். ஸ்பிரிட்டால் பிசுக்கை எடுப்பார். வெடிப்புகளில் பசையை அடைத்து, உலர்ந்ததும் நைசான உப்புத்தாளால் தேய்ப்பார். பிறகு ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிச் சாயம் ஏற்றுவார். சாயம் பழைய நிறத்தோடு சேரும் வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது.

எல்லாக் குழப்பமும் பெயர்ப்பலகையில் ஆரம்பித்தது. முதலில் வைத்த பலகையில், 'பழைய சீட்டு புதுப்பித்துத் தரப்படும்' என்று எழுதியிருந்தது. முதல் வாரமே மூன்று பேர் வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "ஆட இடம் இருக்கா? நாங்க சத்தம் போட மாட்டோம்" என்றார்கள். ஒரு பெரியவர் ஓரமெல்லாம் தேய்ந்த சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து, "இந்த ராணிக்கு மட்டும் முகம் அழிஞ்சுபோச்சு, கொஞ்சம் பாருங்க" என்று கெஞ்சினார். மறுமாதம் போலீஸ்காரர் ஒருவர் வந்து இருக்கைகளுக்கு அடியில் எல்லாம் குனிந்து தேடிவிட்டுப் போனார்.

"முதல்ல அந்த வார்த்தையைத் தூக்குங்க" என்றார் டயர்க்காரர். தூக்கினார். புதுப் பலகையில், 'தோல் பராமரிப்பு நிலையம். வெடிப்பு, சுருக்கம், கறை, நிறம் மங்குதல் அனைத்துக்கும் தீர்வு' என்று எழுதச் சொன்னார். பலகை எழுதுகிறவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கார்னு எங்கயாவது போடணுமா?"

"தோல்னாலே கார்தானே?" என்றார் இவர்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலையைச் செய்தவருக்கு உலகம் இப்படித்தான் சுருங்கும். பலகையைப் பார்த்த டயர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அன்றிலிருந்து அவரை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் தெருவே கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அதனால்தான், ஒருநாள் போனில் ஒரு பெண்குரல் "டாக்டருங்களா?" என்று கேட்டபோது அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

"ஆமா, சொல்லுங்க."

"வெடிப்பு வந்திருக்கு டாக்டர்."

"எத்தனை வருஷமாச்சு?"

"போன மாசம் அறுபத்தொண்ணு முடிஞ்சுது."

டாக்டர் எழுந்து நின்றார். அறுபத்தோரு வருஷத்துத் தோலை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. "அந்தக் காலத்துத் தோல்ங்க! இப்ப வர்றதெல்லாம் வெறும் காகிதம். முன்பக்கமா, பின்பக்கமா?"

"பின்பக்கம். ரெண்டுலயும் இருக்கு. வலதுதான் ரொம்ப மோசம்."

"ஏறி இறங்கும்போது உரசும். அதான்."

"அதேதான் டாக்டர். வீடு மாடில. தினம் நாலஞ்சு தடவை ஏறி இறங்கறேன்."

மாடியில் கார் நிறுத்தும் கட்டடங்கள் இருப்பது அவருக்குத் தெரியும். "இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"சோப்பு போட்டு ஊற வெச்சு, கல்லால தேச்சேன்."

"கல்லா! அம்மா, அது உயிரோட இருந்த தோல்மா!"

"இப்பவும் உயிரோடதான் இருக்கு டாக்டர்."

"அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் பாத்துக்கணும். சோப்பு தொடவே தொடாதீங்க. ஈரத்துணியால தொடச்சு நிழல்ல காய விடுங்க. வாசனை இல்லாத கிரீமா பாத்து மெல்லிசா தடவி, மேல துணியைப் போட்டு மூடிடுங்க. பத்து நாள் பாருங்க. கேக்கலன்னா எங்கிட்ட கொண்டாந்து விட்டுடுங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஓட்டையை அடைச்சு, சாயம் அடிச்சுத் தந்துடறேன். மூணு நாள் எங்கிட்டயே இருக்கணும்."

"விட்டுட்டுப் போகணுமா? காலையா டாக்டர்?"

"காலையோ மாலையோ, உங்க சௌகரியம்" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் பட்டறைக்குள் நேராக வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்போடு நடக்கிறவர். டாக்டரும் எழுந்து நின்றார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி, ஒரு வெளிநாட்டுக் காரின் பின் இருக்கை மேல் வலது காலைத் தூக்கி வைத்தார்.

"அம்மா, கால எடுங்க, சாயம் காயல!"

"முதல்ல குதிகாலைப் பாருங்க டாக்டர். குழந்தைக் கால் மாதிரி ஆயிடுச்சு. போன்லயே குணப்படுத்திட்டீங்க."

டாக்டருக்கு விஷயம் மெதுவாகப் புரிந்தது. உட்கார்ந்து விளக்கினார். தனக்குத் தெரிந்ததெல்லாம் கார் இருக்கை, தான் பேசியதெல்லாம் கார் இருக்கையைப் பற்றி, தான் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். வரிசையாக நின்ற இருக்கைகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் பொழுதுபோக்குக்கா?"

"தொழிலும்மா!"

"எவ்வளவு அடக்கம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கம் என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் அதிலிருந்து தப்ப வழியே இல்லை. மறுக்க மறுக்க அது பெருகும். அந்த அம்மாள் முழங்கை கறுத்த குமாஸ்தாவை அனுப்பினார். கழுத்துச் சுருக்கத்துக்காக இரண்டு அக்கா தங்கைகளை அனுப்பினார். டாக்டர் வாசலிலேயே நிறுத்தி, "கார் இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்றால், "அப்ப கெளம்புங்க" என்பார். வசதி இல்லாதவர்களைப் பார்க்க மாட்டாராம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதன் பிறகு கார் உள்ளவர்கள் வந்தார்கள், முழங்கையைக் காட்டிக்கொண்டு.

டாக்டரிடமும் ஒரு பலவீனம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. 'வெடிப்பு' என்ற சொல் காதில் விழுந்தால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். போகச் சொல்லி எழுந்து நிற்கிறவரே, "வெயில்ல நிக்குதா?" என்று கேட்டுவிடுவார். கேட்டபின் பதிலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"நாக்கைக் கட்டிப்போடுங்க டாக்டர், மாட்டிக்கப் போறீங்க" என்றார் டயர்க்காரர்.

மாட்டிவிட்டவர் கல்யாணத்துக்குக் காத்திருந்த ஒரு மாப்பிள்ளை. அவர் நேரில் வரவில்லை. போனில், 'கறை' என்று மட்டும் சொன்னார். கறை என்றதும் டாக்டருக்குக் காபி கொட்டிய இருக்கைகள்தான் கண்ணில் நின்றன.

"எவ்வளவு பெருசு?"

"உள்ளங்கை அளவு இருக்கும்."

"அதைத் தேச்செல்லாம் எடுக்க முடியாது. அந்தத் துண்டைப் பிரிச்செடுத்துட்டு வேற துண்டு வெச்சுத் தைச்சிடலாம். பின்னாடி, யாரும் பாக்காத எடத்துலேர்ந்து எடுப்பேன். அப்பதான் நெறம் ஒத்துப்போகும்."

மாப்பிள்ளையின் குரல் இறங்கியது. "வலிக்குமா?"

"எனக்கென்ன வலி? பழகிப்போச்சு."

எட்டாம் நாள் நகராட்சி சுகாதார அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. தகுதி இன்றித் தோல் சிகிச்சை அளிப்பதாகப் புகார். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. புகார் உண்மையென்று தெரிந்தால் பட்டறைக்குப் பூட்டு. டாக்டர் அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். பட்டறைக்குள் ஆறு இருக்கைகள் இருந்தன. இரண்டில் பசை இன்னும் உலரவில்லை. பூட்டிவிட்டால் அவருக்குத் தெரிந்த வேறு வேலை உலகத்தில் எதுவும் இல்லை.

"நானும் வரேன்" என்றாள் மனைவி. ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை. அரை நாள் விடுப்புச் சொன்னாள்.

"நீ எதுக்கு?"

"உங்களைத் தனியா விட்டா அங்கயும் யாருக்காவது வைத்தியம் சொல்லிட்டு வருவீங்க."

சுகாதார ஆய்வாளரின் அறையில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, உயரத்தில் ஒரு ஜன்னல். ஆய்வாளர் எதையும் எழுதி முடிக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போகாதவர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. டாக்டரின் கண் அதிலேயே இருந்தது. மனைவி இடித்தாள். "ரெக்ஸின்தான், தோல் இல்ல" என்று முணுமுணுத்தார்.

தலைமையாசிரியையும் வந்திருந்தார். எப்படியோ கேள்விப்பட்டு, டாக்டரைக் காப்பாற்ற ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். குமாஸ்தா முழுக்கைச் சட்டையை முன்கூட்டியே மடித்து விட்டிருந்தார்.

"நீங்க மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்கறீங்களா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

"எங்க எல்லாரையும் குணப்படுத்தினார்!" என்றார் தலைமையாசிரியை. "ஐயா, எழுதிக்குங்க. என் குதிகால். இவரோட முழங்கை. இவங்க ரெண்டு பேரோட கழுத்து."

"அம்மா, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் டாக்டர், கிட்டத்தட்ட அழுதுகொண்டு.

"பாத்தீங்களா? இந்த நேரத்துலகூட என்ன பணிவு!"

ஆய்வாளர் எழுதினார்: குதிகால், முழங்கை, கழுத்து (இரண்டு). பிறகு மாப்பிள்ளையின் புகாரைப் படித்துக் காட்டினார். 'யாரும் பார்க்காத இடத்திலிருந்து' என்ற வரிக்கு வந்ததும் குமாஸ்தா நின்ற இடத்திலேயே நெளிந்தார்.

"இது நீங்க சொன்னதா?"

"சொன்னேங்க. சீட்டைப் பத்திச் சொன்னேன்."

"புகார்ல சீட்டுன்னு இல்ல. தோல்னுதான் இருக்கு. உங்க பலகையிலயும் தோல்னுதான் இருக்கு."

"தோல்னா கார்தானுங்களே?"

ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டு அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்கிறவரின் முகம் இல்லை அது. ஆனால் அவர் முகங்களை வைத்து எதையும் முடிவு செய்கிறவர் அல்ல. இழுப்பறையிலிருந்து ஓர் அச்சுப் படிவத்தை எடுத்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. விஷயம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போகலாம்."

டாக்டர் படித்தார். 'தோல் குறித்து எனக்கு எவ்வித அறிவும் இல்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன்.' இரண்டாம் தடவையும் படித்தார். பேனாவை மேசையில் வைத்தார்.

"இதுல போட முடியாதுங்க."

"ஏன்?"

"பொய்ங்க இது."

"அப்படிப் போடுங்க!" என்றார் தலைமையாசிரியை.

"எனக்கு வேற எதைப் பத்தியும் தெரியாதுங்க. கணக்கு தெரியாது. வண்டி ஓட்டக்கூடத் தெரியாது. தோல் ஒண்ணுதான் தெரியும். அதுவும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் நான் என்னன்னு போய் அங்க உக்காருவேன்? மனிதத் தோல்னு ஒரு வார்த்தை சேத்துக் குடுங்க, இப்பவே போடறேன்."

"அச்சடிச்ச படிவம். அதுல நான் ஒரு புள்ளிகூடச் சேக்க முடியாது."

"அப்ப பூட்டிக்குங்க."

தொழிலைக் காப்பாற்றுவதற்காகத் தொழில் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தெரிந்த தொழில் போய்விடும். இந்த முடிச்சைப் பெரிய பெரிய புத்தகங்கள் படித்தவர்களே அவிழ்ப்பது கடினம். ஆய்வாளர் பூட்டுவதற்கான தாளை எடுத்துத் தேதி போட ஆரம்பித்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நான் இவர் வீட்டுக்காரி. சாட்சி சொல்லலாமா?"

"சொல்லுங்க."

அவள் மேசையருகே போய் இரண்டு கைகளையும் ஆய்வாளரின் காகிதங்கள் மேல் விரித்து வைத்தாள்.

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரல் கணு ஒவ்வொன்றிலும் வெடிப்பு. சில பழசு, ஓரம் வெளுத்துத் தடித்திருந்தது. சில புதுசு, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி. உள்ளங்கை ரேகைகள் கோடுகளாக இல்லை, பிளவுகளாக இருந்தன.

"வெளுக்கற சோடா" என்றாள். "நானும் ஒம்பது வருஷமா அங்க இருக்கேன், இதுவும் ஒம்பது வருஷமா இருக்கு. இவர் தோல் டாக்டரா இருந்தா இது இப்படி இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

"இவர்கிட்ட காட்டினீங்களா?"

"தனியா காட்டணுமா? தெனம் இந்தக் கையாலதான் சாப்பாடு போடறேன்."

அக்கா தங்கைகள் இருவரும் ஒரே சமயத்தில் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் வெகுநேரம் எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "மனைவியின் கைகள் நேரில் பார்வையிடப்பட்டன. தோல் மருத்துவர் ஒருவர் வசிக்கும் வீட்டில் இருக்கக்கூடிய கைகள் அல்ல. எனவே குற்றம் சாட்டப்பட்டவர் மனிதத் தோல் நீங்கலாகப் பிற தோல்களை மட்டும் அறிந்தவர் என்று முடிவு செய்யப்படுகிறது. புகார் தள்ளுபடி." பிறகு வெள்ளைத்தாளில் ஓர் உறுதிமொழி எழுதி டாக்டரிடம் நீட்டினார். 'இனி எவருடைய மனிதத் தோலுக்கும் பூச்சோ தேய்ப்போ ஆலோசனையோ அளிக்க மாட்டேன். மீறினால் பட்டறை பூட்டப்படும்.' டாக்டர் ஒரே தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதில் பொய் எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் தலைமையாசிரியை அவர் முன்னால் வந்து நின்றார். "உங்களை டாக்டர்னு கூப்பிட்டதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு நடந்தார். இவ்வளவு நாளாக டாக்டர் மன்றாடிக் கேட்டது அதுதான். கிடைத்ததும் அது அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

மனைவி தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். "பூட்டலல்ல, அது போதும். வாங்க, ரெண்டு மணிக்குள்ள நான் வேலைக்குப் போகணும்."

"கையைக் காட்டு."

"அதான் பாத்தீங்களே."

"காட்டு."

நீட்டினாள். அவர் கட்டைவிரலால் அந்தக் கணுவைத் தொடப் போனார். தொடுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏங்க?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்னது?"

"எவருடைய மனிதத் தோலுக்கும்னு போட்டிருக்கு. ஆலோசனைகூடக் கூடாது. தொட்டா பூட்டிடுவாங்க."

"பைத்தியமா உங்களுக்கு? நான் உங்க பொண்டாட்டி!"

"பொண்டாட்டி நீங்கலாகன்னு அதுல இல்லியே."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் எழுந்து மறுபடியும் உள்ளே போனார். ஆய்வாளர் அடுத்த விசாரணையில் இருந்தார். ஒரு பால்காரர் தண்ணீரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் மேசை ஓரமாகக் குனிந்து, விலக்கு வேண்டும் என்றார்.

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு மட்டும். ரெண்டு கை. மணிக்கட்டு வரைக்கும்."

பால்காரர் பேச்சை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. அவருடைய உத்தியோகத்தில் இதைவிட விநோதமான கோரிக்கைகள் வந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "பேரு, உறவு, எந்த எடம், காரணம். நாலும் எழுதிக் குடுங்க."

டாக்டர் சுவரில் தாளை வைத்து எழுதினார். பெயர் எழுதினார். உறவு: மனைவி. இடம்: இரு கைகள், விரல் கணுக்கள், உள்ளங்கை. மூன்றையும் மளமளவென்று எழுதிவிட்டார். காரணத்தில் பேனா நின்றது. 'வெடிப்பு' என்று எழுதி அடித்தார். 'வெளுக்கற சோடா' என்று எழுதி அதையும் அடித்தார். வாசலில் மனைவி வந்து நின்று, "என்னங்க பண்றீங்க உள்ள, மணியாகுது" என்றாள். பால்காரர் அவளிடம், விஷயம் பெரிது என்பது போல் சைகை காட்டினார்.

கடைசியில் அவர் ஒரு வரி எழுதி மேசையில் வைத்தார். ஆய்வாளர் படித்தார். 'காரணம்: இன்றுதான் பார்த்தேன்.'

ஆய்வாளர் வாசலில் நின்ற பெண்ணை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார். தாளை டாக்டர் பக்கமே திருப்பினார்.

"இன்றுதான்னு போட்டா போதாது. தேதி போடணும்."

டாக்டர் பால்காரரிடம் தேதி கேட்டு, போட்டார்.